பிளாஸ்டிக்கில் நார் கலந்தால் 'ஈகோ ஃப்ரெண்ட்லி' ஆகிவிடுமா? டபிள்யூபிசி கதவு முதல் மூங்கில் கப் வரை

மர்பி டவுன் பக்கம் பழைய வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாத்ரூம் கதவின் அடிப்பகுதி ஊறி, பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. ஹவுஸ் ஓனர் கார்பென்டரை அனுப்புகிறார். அவர் கதவைப் பார்த்துவிட்டு, "இதுக்கு டபிள்யூபிசி போட்டுருங்க சார். தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, கரையான் வராது. மரம் வெட்டுறதில்ல, ஈகோ ஃப்ரெண்ட்லி" என்கிறார்.

தண்ணீர், கரையான் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். கடைசி வார்த்தைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. டபிள்யூபிசி என்றால் உட் பிளாஸ்டிக் காம்போசிட், அதாவது மரத்தூளோ வேறு தாவர நாரோ கலந்த பிளாஸ்டிக். பாதி பிளாஸ்டிக்காக இருக்கும் ஒரு பொருள் எப்படி சூழலுக்கு நல்லதாகும்?

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. அந்தப் பொருள் எதற்குப் பதிலாக வருகிறது, எத்தனை வருஷம் உழைக்கிறது, கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். அதே பிளாஸ்டிக்-நார் கலவை ஒரு இடத்தில் நல்ல யோசனை, இன்னொரு இடத்தில் வெறும் விளம்பரம்.

நார் கலந்த பிளாஸ்டிக் என்றால் என்ன?

கிராமத்தில் மண் சுவர் வைப்பதைப் பார்த்திருந்தால் பாதி விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். அதில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்தால், வெடிப்பு பரவாமல் வைக்கோல் பிடித்துக்கொள்ளும். மண் உருவம் கொடுக்கிறது, வைக்கோல் இழுவையைத் தாங்குகிறது. இரண்டு பொருள் சேர்ந்து தனித்தனியாக இல்லாத ஒரு குணத்தைத் தரும்போது அதை காம்போசிட் அல்லது கூட்டுப்பொருள் என்கிறோம். மண்ணின் இடத்தில் பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், பிவிசி போன்ற பாலிமரையும், வைக்கோலின் இடத்தில் மரத்தூள், தென்னை நார், சணல், வாழை நார் ஆகியவற்றையும் வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்ன வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மாவு போன்ற தூளைக் கலந்தால் அது பெரும்பாலும் இடத்தை அடைக்கும் நிரப்பி. பிளாஸ்டிக் செலவு குறையும், பலகை விறைப்பாகும், ஆனால் பலம் பெரிதாக ஏறாது. நீளமான நாராகச் சேர்த்தால்தான் சுமையை நார் வாங்கிக்கொண்டு உண்மையில் வலு சேர்க்கும். கடையில் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லித்தான் விற்பார்கள்.

இது புது கண்டுபிடிப்பா?

இல்லை. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907-ல் உருவாக்கிய பேக்கலைட்தான் உலகின் முதல் முழுச் செயற்கை பிளாஸ்டிக். தனியாக இருந்தால் சட்டென்று உடையும் அந்த ரெசினில் மரத்தூளைக் கலந்துதான் அச்சில் வார்த்தார்கள். கண்டோன்மென்ட் காலத்து வீடுகளில் இன்றும் சில சுவர்களில் இருக்கும் அந்தக் கருப்பு உருண்டை சுவிட்ச் நினைவிருக்கிறதா? அந்த ரகப் பொருள்தான். (மர்பி டவுன் என்றதும் மர்பி ரேடியோ ஞாபகம் வந்தால், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இது கண்டோன்மென்ட் நிர்வாகத்தில் இருந்த ஒரு பொறியாளரின் பெயர்.)

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அலுமினியம் தட்டுப்பாடு வருமோ என்ற பயத்தில், பிரிட்டனில் ஆளிச்செடி நாரை ஃபீனாலிக் ரெசினில் தோய்த்து 'கார்டன் ஏரோலைட்' என்ற பொருளைச் செய்தார்கள். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் உடற்பகுதியையே அதில் சோதனையாகச் செய்து பார்த்தார்கள்.

அதைவிட நமக்குப் பாடமாக இருப்பது கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார். எஃகு கிடைக்காததால், பருத்திக் கழிவையும் ஃபீனாலிக் ரெசினையும் அழுத்திச் செய்த 'டியூரோபிளாஸ்ட்' பலகைகளை அதன் மேற்பகுதிக்குப் பயன்படுத்தினார்கள். 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் கார்கள் தயாராயின. துருப்பிடிக்காத, எடை குறைந்த, கழிவிலிருந்து வந்த பொருள். இன்றைய மொழியில் சொன்னால் பக்கா 'சஸ்டெயினபிள்'. ஆனால் ஜெர்மனி ஒன்றான பிறகு ஜனங்கள் அந்தக் கார்களைத் தூக்கி எறிந்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. அந்த ரெசினை மறுபடி உருக்க முடியாது, எரித்தால் நச்சுப்புகை, மண்ணில் மக்காது. பருத்தி இருந்தது எந்த விதத்திலும் உதவவில்லை. இந்தக் காரை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அப்படியென்றால் தாவர நாரில் என்ன லாபம்?

நிஜமான லாபம் கண்ணாடி இழையோடு ஒப்பிடும்போது வருகிறது. வண்டி பாகங்கள், தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு என்று எங்கெல்லாம் பிளாஸ்டிக்குக்கு வலு வேண்டுமோ அங்கெல்லாம் வழக்கமாகச் சேர்ப்பது கண்ணாடி இழை. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.5 கிராம். தாவர நார்கள் 1.2 முதல் 1.5 கிராம். கண்ணாடியை உருக்க பெரிய உலை வேண்டும். நார் வயலில் விளைகிறது. கண்ணாடி இழை இயந்திரத்தின் திருகையும் அச்சையும் தேய்த்துவிடும், தொழிலாளியின் தோலில் பட்டால் அரிக்கும். நாரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பலத்தில் கண்ணாடிதான் ஜெயிக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பை எடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆளி நார் கண்ணாடிக்குச் சமமாகவே வந்துவிடும். அதனால்தான் 1990-களில் இருந்து மெர்சிடிஸ்-பென்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய கார் நிறுவனங்கள் கதவின் உட்பலகைகளுக்கு ஆளி, கற்றாழை நார், புளிச்சக்கீரை குடும்பத்து கெனாஃப் ஆகியவற்றுக்குப் போனார்கள். நீங்கள் ஓலாவிலோ ஊபரிலோ கைமுட்டியை வைக்கும் கதவுப் பகுதியின் துணிக்குப் பின்னால் நார்ப் பலகை இருக்க வாய்ப்பு உண்டு.

சூழலுக்கு இது உண்மையில் நல்லதா என்பதை 2004-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையில் அலசினார்கள். ஒரு பொருள் பிறப்பு முதல் இறப்பு வரை ஏற்படுத்தும் பாதிப்பைக் கணக்கிட்ட பல ஆய்வுகளை ஒப்பிட்டதில், பெரும்பாலான இடங்களில் தாவர நாரே மேல் என்று வந்தது. காரணங்களைப் பாருங்கள்: நார் தயாரிக்க பாதிப்பு குறைவு; அதே வலுவுக்கு நார் அதிகம் போடுவதால் பிளாஸ்டிக் குறைகிறது; வண்டி எடை குறைவதால் ஓடும் காலம் முழுக்க எரிபொருள் மிச்சம்; கடைசியில் எரித்தால் ஆற்றல் கிடைக்கும். மைனஸ் என்று பார்த்தால் பயிருக்குப் போடும் உரம் நீர்நிலையைக் கெடுப்பது.

'மக்கிவிடும்' என்பது அந்தக் காரணங்களில் ஒன்றாக இல்லவே இல்லை. விளம்பரங்கள் சொல்வதோ பெரும்பாலும் அதைத்தான்.

நம் ஊர் நார்கள்

உரப் பிரச்சினைக்கு நம்மிடம் ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஆளியை நாருக்காகவே வயலில் வளர்க்கிறார்கள். நமக்கோ நார் பெரும்பாலும் வேறொரு பயிரின் மிச்சம். தேனி, திருச்சி பக்கம் வாழைத்தார் வெட்டிய பிறகு மரம் வயலில் கிடந்து அழுகும். அதன் மட்டையை உரித்தால் நார். அல்சூர் சோமேஸ்வரர் கோவில் பக்கம் வாங்கும் பூச்சரத்தை வாழை நாரில் கட்டியிருந்தால், அதைப் பிய்க்க முயன்று பாருங்கள், பலம் விரலிலேயே தெரியும். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்த நாரைப் பிரிப்பதிலும் பயன்படுத்துவதிலும் வேலை செய்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம் இயற்கை நார் காம்போசிட் ஆராய்ச்சிக்குப் பேர் போனது.

பொள்ளாச்சித் தென்னை நார் வேறு ரகம். பலத்தில் சணலுக்குக் கிட்டே வராது. ஆனால் அறுவதற்கு முன் 15 சதவீதத்துக்கு மேல் நீளும், அதாவது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதில் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல். சணலில் 12, 13 சதவீதம்தான். இந்த லிக்னின்தான் கயிறு கிணற்றுத் தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்தும் அழுகாமல் இருப்பதற்குக் காரணம். ஆகவே வலு வேண்டிய இடத்தில் சணல், ஈரம் படும் இடத்தில் தென்னை நார், இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் அடுக்கடுக்காக.

அந்தக் கடைசி யோசனை பெங்களூரில் நடந்தது. மத்திய அரசின் டைஃபாக் அமைப்பு நடத்திய காம்போசிட் திட்டத்தில், தும்கூர் ரோட்டில் இருந்த பிளைவுட் ஆராய்ச்சி நிறுவனமான இப்ரிட்டியின் தொழில்நுட்பத்தோடு, சணலும் தென்னை நாரும் சேர்ந்த பலகைகள் மரத்துக்கு மாற்றாக இங்கே தயாராயின. ஆஸ்பெஸ்டாஸுக்கு மாற்றாக மூங்கில் பாயை ரெசினில் தோய்த்து அழுத்திய நெளிவுக் கூரைத் தகடும் இப்ரிட்டியில் பிறந்ததுதான்.

ஐடி ஊர் என்று மட்டும் பெங்களூரை நினைத்திருந்தால், பர்ப்பிள் லைனில் ஏறி மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறிப் பாருங்கள். பீன்யாவில் கயிறு வாரியத்தின் மத்திய கயிறு தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பிளாஸ்டிக்கோடு நாரைச் சேர்ப்பதில் உள்ள மிகப் பழைய தலைவலிக்கு அங்கே மருந்து தேடினார்கள்.

அது என்ன தலைவலி?

கையில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கோதுமை மாவு பிசையுங்கள். கையில் ஒட்டாது. நமக்கு அது வசதி. காம்போசிட்டில் அதுதான் வில்லன். தாவர நாரின் செல்லுலோஸ் முழுக்க ஹைட்ராக்சில் என்ற தண்ணீரை விரும்பும் முனைகள். பாலிப்ரொப்பிலீன் எண்ணெய்க் குடும்பத்தில் இருந்து வந்தது, தண்ணீரைக் கண்டால் விலகும். இரண்டையும் சூடாக்கிக் கலந்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்காருமே தவிர, கை கோக்காது. இழுத்தால் நார் உறையிலிருந்து கத்தி வருவதுபோல உருவிக்கொண்டு வந்துவிடும். அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்தால் நார் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சில மழைக்காலம் போனால் பலகை விரிசல் விடும், பூஞ்சையும் பிடிக்கும்.

எண்ணெய்ப் பாத்திரத்துக்கு சோப்பு செய்யும் வேலையை இங்கே ஒரு இணைப்பான் செய்ய வேண்டும்: ஒரு முனை நாரைப் பிடிக்கும், மறு முனை பிளாஸ்டிக்கோடு சேரும். உலகம் முழுக்க வழக்கமாகப் பயன்படுத்துவது மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீன். மல்லேஸ்வரம் நிறுவனமும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஐசோசயனேட் முனை கொண்ட வேறொரு இணைப்பானை முயன்றார்கள். எடையில் 50 சதவீதம் வரை மர நார் சேர்த்த பாலிப்ரொப்பிலீனில் அந்த இணைப்பான் இழுவைப் பலத்தையும் வளைவுப் பலத்தையும் நன்றாகவே கூட்டியது.

இன்னொரு வழி, நாரை முன்கூட்டியே காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பது. மெழுகும் அழுக்கும் போய் மேற்பரப்பு சொரசொரப்பாகி, பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். ஆய்வுக் கட்டுரைகள் இந்த முறையை ரொம்பப் பாராட்டும். அந்தக் காரத் தண்ணீரை அப்புறம் எங்கே விடுவது என்று எழுதும் கட்டுரைகள் குறைவு.

அடுத்தது சூடு. சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நார் கருக ஆரம்பிக்கும், நிறம் மாறும், கருகல் வாடை வரும். பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரியை ஒட்டி உருகுவதால் பிரச்சினையில்லை. தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் உருக 250 டிகிரி வேண்டும். "பழைய பாட்டிலையும் தென்னை நாரையும் சேர்த்து உருக்கிடலாமே" என்று உங்கள் ஸ்டார்ட்அப் நண்பர் உற்சாகமாகச் சொன்னால், சாதாரண எக்ஸ்ட்ரூடரில் அது ஏன் நடக்காது என்று இப்போது சொல்லிவிடலாம்.

மூங்கில் கப்: ஒரு எச்சரிக்கை

இதுவரை சொன்னது கதவு, கார், கூரை. இனி நேரடியாக உடம்புக்குப் போகும் விஷயம்.

'பேம்பூ ஃபைபர்' என்று பெயர் போட்டு அழகான நிறங்களில் காபி கப், குழந்தைகள் தட்டு வருகிறதே, அதில் பலவற்றில் மூங்கில் வெறும் நிரப்பிதான். உருவம் கொடுப்பது மெலமின்-ஃபார்மால்டிஹைடு ரெசின். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பிஎஃப்ஆர் இதைப் பரிசீலித்து, சூடான பானம் ஊற்றினால் இந்தக் கப்களில் இருந்து மெலமினும் ஃபார்மால்டிஹைடும் இறங்கலாம் என்று எச்சரித்தது. மூங்கில் கலந்த சில பொருள்கள் சாதாரண மெலமின் பாத்திரத்தைவிட அதிகமாக ஃபார்மால்டிஹைடை விட்டன. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைச் சந்தையில் இருந்து நீக்க நடவடிக்கை எடுத்தபோது அதற்கு வைத்த பெயர் 'பேம்பூஸ்லிங்'. ஏமாற்றுவது என்ற ஆங்கிலச் சொல்லை மூங்கிலோடு கோத்த கிண்டல்.

அதாவது நார் சேர்த்ததால் அந்தக் கப் பசுமையாகவும் ஆகவில்லை, பழைய மெலமின் அளவுக்குக்கூட உறுதியாக இல்லை. உங்கள் டெஸ்க்கில் ஒன்று இருந்தால் பேனா வையுங்கள், ஃபில்டர் காபி வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் இருக்கவே இருக்கிறது.

தூக்கிப் போட்டால் என்ன ஆகும்?

நேரடியாகச் சொன்னால்: பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், பிவிசி எதில் நாரைக் கலந்தாலும் அந்த பிளாஸ்டிக் மக்காது. நார்ப்பகுதி மெல்ல அழுகினால்கூட மிஞ்சுவது பொடிப்பொடியான பிளாஸ்டிக். பாலிப்ரொப்பிலீன் வகையைத் தொழிற்சாலையில் அரைத்து மறுபடி வார்க்க முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் நார் நறுங்கி பலம் குறையும், அதைவிட முக்கியமாக, பழைய டபிள்யூபிசி கதவை உங்கள் வாசலில் வந்து வாங்கிக்கொண்டு போக ஆள் இல்லை. பழைய பேப்பர்க்காரருக்கு பக்கெட் வேண்டும், இது வேண்டாம்.

பிஎல்ஏ போன்ற, சோளம் அல்லது கரும்பில் இருந்து வரும் பாலிமரோடு நாரைச் சேர்த்தால் கதை கொஞ்சம் மாறும். அதுவும் 58 டிகிரி அளவுக்குச் சூடு நிற்கும் தொழிற்சாலை உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மக்கும். பால்கனித் தொட்டியில் புதைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தோண்டினால் அப்படியே இருக்கும். 'கம்போஸ்டபிள்' என்று விற்கும் பிளாஸ்டிக் இந்தியாவில் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரத்துக்கு உட்பட வேண்டும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் வேண்டும். அட்டையில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

சட்டமும் இப்போது உங்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் கிரீன்வாஷிங் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'கிரீன்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டுவிட்டுப் போக முடியாது. எந்த விதத்தில், எந்தப் பகுதி, என்ன ஆதாரம் என்று சொல்ல வேண்டும். சொல்லாத நிறுவனத்தைப் பற்றி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

சரி, அந்த பாத்ரூம் கதவு?

போடலாம். ஊறிப்போகும் பிளைவுட்டை அடிக்கடி மாற்றுவதைவிட, நீண்ட காலம் உழைக்கும் ஒரு டபிள்யூபிசி கதவு நியாயமான தேர்வுதான். வாங்குவதற்கு முன் கடையில் டேட்டா ஷீட் கேளுங்கள். எந்த பாலிமர், எடையில் எத்தனை சதவீதம் மரம் அல்லது நார் என்று அதில் இருக்க வேண்டும். டபிள்யூபிசி என்ற பெயரில் வரும் சில பலகைகளில் பெரும்பகுதி பிவிசி நுரையும் சுண்ணாம்புத் தூளும்தான், மரத்தூள் பேருக்குக் கொஞ்சம். தண்ணீரைத் தாங்குவதில் அதுவும் குறைசொல்ல முடியாதது, ஆனால் 'மரம் கலந்தது' என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சதவீதம் சொல்ல மறுக்கும் கடையில் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

கதவை அளவுக்கு அறுத்த பிறகு மிஞ்சும் துண்டுகளைத் தெரு ஓரக் குப்பையோடு கொளுத்த விடாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூச்சுக்கு மிகக் கெடுதல். அது ஈரக் குப்பையிலும் சேராது, உலர் குப்பைதான்.

நார் அதிகமுள்ள பலகை என்றால் இன்னொரு வேலை பாக்கி. தொழிற்சாலையில் இருந்து வரும்போது பலகையின் மேல்தோல் பெரும்பாலும் பிளாஸ்டிக், அதனால் தண்ணீர் உள்ளே போகாது. ரம்பம் பட்ட ஓரத்தில் நார் வெளியே தெரியும், தண்ணீர் குடிப்பது அங்கேதான். கதவின் அடி ஓரத்துக்கும் கீல் பதிக்கச் செதுக்கிய பள்ளத்துக்கும் எபாக்ஸியோ பெயின்ட்டோ ஒரு கோட் அடித்து, தரையில் இருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டச் சொல்லுங்கள்.